வேப்பமரத்தடி ஹெரால்டு

'ஒரு கார் பண்ணியிருக்கேன் சார். வந்து பாருங்க' என்றார் போனில் நண்பர். வாங்கியிருக்கேன் என்பதைத்தான் நாக்குப் புரண்டு அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், கைக்குப் பணம் வந்திருக்கும், மேற்குத் தாம்பரத்தில் அந்தக் குறுகலான தெருவில் காரை எங்கே நிறுத்துவார் என்கிற கவலையோடு போனேன்.

கார் மாடியில், சாப்பாட்டு மேஜை மேல், ஹிந்து பேப்பர் விரித்து நிறுத்தப்பட்டிருந்தது. நீளம் ஒண்ணேகால் அடிக்குக் கொஞ்சம் அதிகம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பத்தில் ஒரு பங்கு அளவு.

பொதுவாக இப்படி பொம்மைக் கார் செய்கிறவர்கள் அதைப் பளபளவென்று செய்வார்கள். நண்பர் செய்திருந்தது ஒரு பிணம். நான்கு டயரும் காற்றிறங்கித் தரையோடு படிந்திருந்தன. நீல பெயின்ட் வெயிலில் வெளுத்து சாம்பலாகியிருந்தது. கதவின் அடி ஓரம் அரித்துப்போய் ஓட்டை வழியாக மறுபக்கம் தெரிந்தது. ஒரு ஹெட்லைட் இல்லை, அந்தக் குழியில் மண் கூடு. பானெட் மேல் வேப்பிலைச் சருகு. குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிரைவர் ஸீட் கிழிந்து ஸ்பிரிங் தெரிகிறது. அதன் மேல் மடித்து வைத்த ஒரு செய்தித்தாள், தபால்தலை அளவில்.

'இது அப்பாவோட வண்டி' என்றார்.

இளைய வாசகர்களுக்காக ஒரு சின்ன குறுக்கீடு. ஹெரால்டு நம்ம ஊர் கார். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-ல் வந்தது. அதை வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1961-லிருந்து வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தார்கள். அம்பாஸடர், ஃபியட், ஹெரால்டு, இந்த மூன்றை விட்டால் அப்போது இந்தியனுக்கு வேறு கதியில்லை. 948 சி.சி. இன்ஜின். முன்பக்கம் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து ஒரே மூடியாக முன்னால் கவிழ்த்துத் திறக்கலாம். முதலை வாயைத் திறந்தது மாதிரி இருக்கும். 25 அடி விட்டத்துக்குள் ஒரு முழு வட்டம் அடித்துவிடும், அதனால் சந்து பொந்துகளுக்கு உகந்த வண்டி. ஒரே உடம்பாக அழுத்திச் செய்யாமல், அடியில் சேஸிஸ் போட்டுத் துண்டு துண்டாக போல்ட் முடுக்கிய வண்டி என்பதால் ஓடும்போது சகல பாகங்களும் பேசும். அதைத் தூரத்திலிருந்து கேட்டே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடலாமாம். 1971-க்குப் பிறகு கஸெல் என்ற வண்டி அதன் இடத்தைப் பிடித்தது.

நண்பரின் அப்பா நாகப்பட்டினம் பக்கம் ஒரு கிராமத்தில் டாக்டராக இருந்தவர். 1974-ல் செகண்ட் ஹாண்டாக இந்த வண்டியை வாங்கினார். சுற்றுவட்டாரத்தில் பிரசவம், பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் அதில்தான் போனார். ஹாரன் சத்தம் கேட்டால் போதும், நோயாளிகளுக்குப் பாதி காய்ச்சல் இறங்கிவிடும் என்பார்கள் (டாக்டர்களைப் பற்றி இப்படியெல்லாம் சொன்ன காலம் ஒன்று இருந்தது). 1996-ல் கண் மங்கியது. வண்டியைக் கொல்லை வேப்பமரத்தடியில் நிறுத்தினார். அதன் பிறகு அது நகரவில்லை.

'ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார் சார். கார்ப்பரேட்டரை மட்டும் கழட்டிச் சுத்தம் பண்ணினா போதும்டா, ஓடிடும், ஒரு நாள் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாயேன்னு. அடுத்த லீவுல பாக்கலாம்ப்பான்னு சொல்லிச் சொல்லி 13 வருஷம் ஓட்டினேன். 2009-ல போயிட்டார். அடுத்த வருஷம் வீட்டை விக்கும்போது, காயலான் கடைக்காரன் எடை போட்டுத் தூக்கிட்டுப் போனான். நான் வாசல்ல நின்னு பணத்தை எண்ணி வாங்கிக்கிட்டேன்.'

கார்ப்பரேட்டர் சுத்தம் பண்ண அரை நாள் ஆகும். இந்தப் பொம்மை செய்ய அவருக்கு 14 மாதம் ஆகியிருக்கிறது. இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

அவர் பண்ணியதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் துருவைச் செய்வது காரைச் செய்வதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கதவு, பானெட் எல்லாம் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டியது. ஓட்டை விழ வேண்டிய இடங்களில் மட்டும் அலுமினியத் தாள். அதைக் கிழித்தால்தான் அரித்துப்போன தகரத்தின் அந்த மெல்லிய விளிம்பு கிடைக்குமாம். அடுத்து, முதலில் துருவைப் பூசிவிட வேண்டும். காவி, செம்பழுப்பு, கரும்பழுப்பு என்று அடுக்கடுக்காக. காய்ந்ததும் அதன் மேல் ஹேர் ஸ்பிரே, பெண்கள் கொண்டைக்கு அடிப்பார்களே அதுவேதான். அதற்கு மேல் நீல பெயின்ட். பிறகு பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் ஹேர் ஸ்பிரே கரைந்து, மேலே உள்ள பெயின்ட் பொரிந்து உதிர்ந்து, கீழே காத்திருந்த துரு எட்டிப் பார்க்கும். நிஜ வாழ்க்கையில் பெயின்ட் முதலில், துரு பிறகு. இதில் தலைகீழ்.

லேத் பட்டறையிலிருந்து இரும்புத் தூள் வாங்கி வந்து, வினிகரும் உப்பும் போட்டு நிஜத் துருவே செய்து பார்த்திருக்கிறார். அதைத் தடவினால் பொய்யாகத் தெரிந்ததாம்! துருவின் பொருக்கு பத்து மடங்கு சின்னதாக வேண்டுமே, இயற்கைக்கு ஸ்கேல் தெரியாதல்லவா? அம்மியில் நுணுக்கிச் செங்கல் பொடி கலந்த பிறகுதான் நிஜமாயிற்று. வேப்பிலைச் சருகுக்குத் தொட்டாற்சிணுங்கி இலைகளைக் காயவைத்து ஒவ்வொன்றாக இடுக்கியால் வைத்திருக்கிறார்.

எங்கே துரு வரும் என்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. மழை விழும் இடத்தில் துரு வராது, தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் வரும். கதவுக்கு உள்ளே இறங்கிய தண்ணீர் அடியில் வடிகிற ஓட்டை, குப்பை அடைத்து மூடிக்கொள்ளும். மட்கார்டின் உட்பக்கம் சேறு ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஈரமாக இருக்கும். அங்கேதான் ஆரம்பிக்கும். கடல் காற்றில் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால் பெயின்ட்டை அடியிலிருந்து தூக்கும். வெளியே நாம் பார்க்கிற கொப்புளம் நோயின் ஆரம்பமல்ல, நடு. அலுமினியத்தின் மேலும் ஒரு படலம் வரத்தான் செய்கிறது, ஆனால் அது தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். இரும்பின் துரு உதிர்ந்து, அடுத்த அடுக்கைக் காற்றுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போகும்.

'இதெல்லாம் 13 வருஷமா என் கண்ணு முன்னாடிதான் சார் நடந்திருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தரம் அந்த மரத்தடியிலதான் பல் தேய்ச்சிருக்கேன். எந்தக் கதவுல எங்க ஓட்டைன்னு ஞாபகம் வரலை. இருக்கிற ரெண்டு போட்டோவை வெச்சுக்கிட்டு, பாக்கியை யோசிச்சு யோசிச்சுத்தான் போட்டேன்.'

பாராட்ட வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். வரவில்லை. உள்ளே ஏதோ இடித்தது.

அரிஸ்டாட்டில் 2,300 வருஷத்துக்கு முன்பே கவனித்த விஷயம் ஒன்று உண்டு. நேரில் பார்த்தால் முகம் சுளிக்கிற அருவருப்பான மிருகங்களையும் பிணங்களையும்கூட, அச்சு அசலாக வரைந்து காட்டினால் நாம் ரசிக்கிறோம் என்றார். 'ஆமாம், இது அதுதான்' என்று அடையாளம் கண்டுகொள்கிற சந்தோஷமாம். சரி, ரசிக்கலாம். ஆனால் நிஜமாக எதிரில் இருந்தபோது நாம் திரும்பிப் பார்க்காத ஒன்றை, அது போன பிறகு 14 மாதம் உட்கார்ந்து அழகாகச் செய்வது எந்தக் கணக்கில் சேரும்? அன்பிலா, பிராயச்சித்தத்திலா, தப்பித்துக்கொள்வதிலா? பொம்மைக்குப் பெட்ரோல் வேண்டாம். பொம்மை, 'ஒரு நாள் வாயேன்டா' என்று போன் பண்ணாது. செத்துப்போனதிடம் காட்டுகிற அக்கறையில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நேரத்தை நாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.

நண்பரைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். என்னை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்து, பிறகு எழுதவும் வைத்த தமிழய்யா ஒருவர் இருந்தார். கடைசி நாலு வருஷம் படுக்கையில் கிடந்தார். நான் அவர் ஊர் வழியாக ரயிலில் பலமுறை போயிருக்கிறேன், ஸ்டேஷனில் டீ கூடக் குடித்திருக்கிறேன். அவர் காலமான பின், அவருடைய வேட்டிக் கரை, மூக்குப்பொடி டப்பா, யாப்பிலக்கணம் சொல்லித்தரும்போது விரல் சொடுக்குகிற விதம் எல்லாவற்றையும் வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். நிறையக் கடிதங்கள் வந்தன. கண் கலங்கியதாக எழுதியிருந்தார்கள். அவர் மகளும் ஒரு கார்டு போட்டிருந்தார். 'அப்பா இருக்கும்போதே எழுதியிருந்தால் படித்துக் காட்டியிருப்பேன்.' அவ்வளவுதான், ஒரே வரி. அந்தக் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஆகவே நண்பரிடம் கேட்கிற தகுதி எனக்கு இருந்தது. கேட்டுவிட்டேன். 'இதுல பாதி நேரத்தை அப்பவே குடுத்திருக்கலாமே?'

அவருக்குக் கோபம் வரவில்லை. பிரஷ்ஷைத் துடைத்து டப்பாவில் போட்டுக்கொண்டே சொன்னார். 'குடுத்திருந்தா ரிப்பேர் பண்ணியிருப்பேன் சார். மெக்கானிக்குக்குக் காசு குடுத்துட்டு மறுநாள் பஸ் ஏறியிருப்பேன். இவ்வளவு பாத்திருக்க மாட்டேன்.'

சமாதானம் மாதிரி இருக்கிறது. ஆனால் தள்ளிவிடவும் முடியவில்லை. உருவத்தைச் சிறிதாக்கிச் செய்யும்போது கண் கூர்மையாகிறது என்பது உண்மை. அமெரிக்காவில் ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்று ஒரு பணக்காரப் பெண்மணி இருந்தார், 1962-ல் காலமானார். விவசாய இயந்திரம் விற்றுச் சம்பாதித்த குடும்பம். அவர் 1940-களில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் சின்னச் சின்ன பொம்மை வீடுகள் செய்தார். ஒவ்வொன்றிலும் ஒரு மரணம். கொலையா, தற்கொலையா, விபத்தா? அதைத் துப்பறிகிற போலீஸ்காரர்களுக்குப் பாடம் நடத்தத்தான் அந்த வீடுகள். பிணத்தின் தோல் நிறம் மாறியிருப்பது, சுவரில் தெறித்த ரத்தம், பாதி உரித்த உருளைக்கிழங்கு என்று எதையும் விடவில்லை. குண்டூசி மாதிரி ஊசிகளால் பொம்மைக்குக் காலுறை பின்னினாராம். அவற்றில் 18 வீடுகள் பால்டிமோரில், பிரேதப் பரிசோதனை அலுவலகத்தில் இருக்கின்றன. அதில் கொலையாளி யார் என்பதைவிட என்னை யோசிக்க வைப்பது, அங்கே செத்துக் கிடப்பவர்கள் பெரும்பாலும் எளிய வீடுகளின் மனிதர்கள் என்பதுதான். உயிரோடு இருக்கும்போது யாரும் அவர்கள் சமையலறையை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். போலீஸ் என்ன, பக்கத்து வீட்டுக்காரர்கூட. ஒரு கிழவி லென்ஸ் வைத்துக்கொண்டு அவர்களுடைய கிழிந்த காலண்டரைச் செய்தபோதுதான் பார்வை கிடைத்தது.

அந்த அம்மாள் பார்த்ததற்கு ஒரு பிரயோஜனம் இருந்தது. அடுத்த கேஸில் ஒரு போலீஸ்காரர் ஒழுங்காகப் பார்ப்பார். நண்பரின் ஹெரால்டால் யாருக்குப் பிரயோஜனம்? என் கட்டுரையால்? தெரியவில்லை. நண்பரைப் பொறுத்தவரை ஒரு விஷயம் மட்டும் சொல்ல முடியும். இப்போதெல்லாம் அவர் அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கிறார். 86 வயது. கண் டாக்டரிடம் கூட்டிப் போவதை 'அடுத்த லீவுல' என்று தள்ளுவதில்லை. ஓய்வு பெற்றவருக்கு ஏது லீவு என்றும் சொல்லலாம். நான் அப்படிச் சொல்லவில்லை.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. செய்வதுதான் செய்கிறீர்கள், ஏன் துருப்பிடித்ததாக? 1974-ல் வீட்டு வாசலுக்கு வந்து நின்றதே, மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கி, அந்த வண்டியைச் செய்திருக்கலாமே?

'அது பொய் சார். நான் கடைசியா பாத்தது இதைத்தான். புதுசாப் பண்ணினா என் தப்பை மறைச்ச மாதிரி ஆயிடும்.'

இப்படியொரு நேர்மையை மதிக்கத்தான் வேண்டும். பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது என்பதே ஒரு பொய் என்று 1849-லேயே ஜான் ரஸ்கின் கோபமாக எழுதிவைத்திருக்கிறார். நம் பக்கத்து அய்யனார் கோயில்களைப் பாருங்கள். புது மண்குதிரை எடுத்துக்கொண்டு வந்து வைப்பார்கள். பழைய குதிரையை யாரும் ஒட்டிப் பூசிக்கொண்டிருப்பதில்லை. மூக்கு உடைந்து, கால் உடைந்து, மண்ணோடு மண்ணாக அது பாட்டுக்குப் போகும். நண்பர் ரஸ்கின் கட்சி என்று மனசுக்குள் முத்திரை குத்திவிட்டு எழுந்தேன்.

எழும்போதுதான் பார்த்தேன். பானெட்டின் வலது ஓரத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. புழுதி இல்லை, சருகு இல்லை, செங்கல் பொடி இல்லை. நல்ல நீலம்.

'இது என்ன, முடிக்கலையா?'

நண்பர் சிரித்தார். சங்கடமான சிரிப்பு.

'அம்மா சார். போன வாரம் மாடி ஏறி வந்து பாத்தாங்க. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், ஏன்டா இப்படிப் பண்ணி வெச்சிருக்கே, உங்கப்பா ஒரு நாளாவது துடைக்காம வண்டியை எடுத்திருக்காரான்னு கேட்டுக்கிட்டே முந்தானையை எச்சில்ல நனைச்சுத் துடைக்க ஆரம்பிச்சிட்டாங்க. நான் ஓடிப் போய்க் கையைப் பிடிக்கிறதுக்குள்ள இவ்வளவு போயிடுச்சு. மேல வார்னிஷ் அடிச்சிருந்தா போயிருக்காது. மறுநாள் அடிக்கலாம்னு இருந்தேன்.'

எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது. அந்த வண்டி 22 வருஷம் தினமும் துடைக்கப்பட்டு ஓடியிருக்கிறது. 13 வருஷம் நின்றிருக்கிறது. அதில் எது நிஜ வண்டி? கடைசியாக இருந்த நிலைதான் உண்மை என்று யார் சொன்னது? ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்த கடைசிப் பத்து நாள் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது என்று எத்தனையோ பேர் புலம்பிக் கேட்டிருக்கிறேன். அறுபது, எழுபது வருஷம் சிரித்த முகத்தை அந்தப் பத்து நாள் முழுங்கிவிடுகிறது. நம் குற்ற உணர்ச்சிக்கு அந்த முகம்தான் வசதியாக இருக்கிறதோ என்னவோ. நண்பர் செய்தது தன்னுடைய 13 வருஷத்தின் மாதிரி. அதில் அவர் அப்பாவின் 22 வருஷத்துக்கு இடமே இல்லை. அந்தம்மாள் எச்சில் தொட்டுத் துடைத்தது அந்த இடத்தைத்தான்.

'திரும்பப் பூசிடுவீங்களா?'

'பொடியெல்லாம் கலந்து வெச்சாச்சு. அஞ்சு நிமிஷ வேலை. ஒரு வாரமா உக்காருவேன், எந்திரிச்சுடுவேன். நீங்களே சொல்லுங்க சார், என்ன பண்ணட்டும்?'

எனக்குப் பதில் தெரியவில்லை. கீழே காபி தயாராகிவிட்டதாகக் குரல் வந்தது. இறங்கினோம்.

அந்தம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். 'வாங்க தம்பி, பாத்தீங்களா வண்டியை?' என்றார். நன்றாகச் செய்திருக்கிறார் என்று சொன்னேன்.

'என்னத்தை நல்லாப் பண்ணினான்' என்றார். 'ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் தெரு முனையிலேயே ரெண்டு தரம் அடிப்பார். நான் எந்திரிச்சு வெந்நீர் போடணும்னு. அந்த ஹாரனைக் காணோமே?'

நண்பர் டம்ளரைக் கீழே வைத்தார். 'அது பானெட்டுக்கு உள்ள இருக்கும்மா. வெளியில தெரியாது.'

'தெரியாட்டி என்ன? வெச்சியா இல்லையா?'

அவர் பதில் சொல்லாமல் மாடிப்படியைப் பார்த்தார்.